செவ்வாய்க்கிழமை பூங்கா கிடையாது

சென்னைக்குப் போகிற திட்டத்தை நான் எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற வே பிரிட்ஜில் எனக்கு வேலை. காலி வண்டி எவ்வளவு, லோடோடு எவ்வளவு என்று நாள் முழுக்க அச்சடித்துத் தள்ளுகிறவன். தப்பாக அடித்த சீட்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, காலையில் ரயில், மதியம் எழும்பூர், நாலு மணிக்குக் கடல் என்று எழுதினேன். பிறகு கோடு போட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன். ஒரு மாதத்தில் டப்பாவே பாதி காலியாகிவிட்டது.

"ரெண்டு புள்ளைங்களுக்கு ஊரச் சுத்திக் காட்ட இம்புட்டு எழுத்தா? என்னமோ லாரிக்கு லோடு ஏத்துறாப்புல இருக்கு," என்று என் மனைவி கேலி செய்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும். மொத தடவ கடலப் பாக்கப் போவுதுங்க. உச்சி வெயில்ல கொண்டு போயி நிறுத்துனா காலு சுடும், கண்ணு கூசும். அப்பறம் கடலுன்னாலே அழும்."

"ஆமா, நீங்க பத்து கடலு பாத்தவரு."

நான் இரண்டே தடவை பார்த்தவன். இரண்டும் ஆபீஸ் வேலையாகப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பிள்ளைகள் எங்களுடையவை அல்ல. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் என் தங்கையின் பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. பூலாம்பாடியில் அப்பாவோடு இருக்கிறார்கள். தங்கை செத்து மூன்று வருடம் ஆகிறது.

அரியலூரில் எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம். ரயில் சத்தத்தில் தூங்கி ரயில் சத்தத்தில் எழுந்தவள் அவள். பூலாம்பாடிக்குக் கல்யாணமாகிப் போன புதிதில் அங்கே சத்தமே இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று போனில் சொல்வாள். ஒரு கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தபோது, ரயில்வே கேட் அருகே நின்று ரயிலுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, இதுங்கள ஒரு தடவ ரயில்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டிடணும். எனக்குத்தான் யாரும் காட்டல. இதுங்களுக்கு மொதல்ல நீதாண்ணே காட்டணும்."

"வர லீவுக்குப் பாத்துக்கலாம்," என்றேன்.

அடுத்த லீவிலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த லீவிலும் அதையே சொன்னேன். எனக்கு ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். சோம்பேறித்தனம் என்பது இன்னொரு காரணம். நாலாவது லீவுக்கு அவள் இல்லை. ஐந்து நாள் காய்ச்சல். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறாம் நாள் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவனுக்கு இரண்டு வயது, யார் இடுப்பில் இருக்கிறோம் என்றுகூடத் தெரியாது.

ஒரு வருடம் கழித்து மாப்பிள்ளை மறுகல்யாணம் செய்துகொண்டார். ஆத்தூர்ப் பெண். தங்கை புருஷனை நாங்கள் மாப்பிள்ளை என்போம், அவர் என்னை மச்சான் என்பார். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று ஊரே சொன்னது. எனக்கும் அது தெரியும். தெரிந்தாலும் வயிறு எரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி செத்து ஒருவர் மறுகல்யாணம் செய்தால், வந்தவள் செத்தவளின் பிறந்த வீட்டுக்கு ஒரு தடவை வர வேண்டும். அங்கே அவளை உட்காரவைத்துச் சோறு போட்டு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு புடவை கொடுப்பார்கள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்கு மகள். செத்தவளின் அண்ணன் அவளுக்கும் அண்ணன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை என்பதால் அந்தப் புடவையை நான்தான் என் கையால் கொடுக்க வேண்டும்.

அவர்கள் வருகிற நாளைச் சொல்லி அனுப்பினார்கள். என் மனைவி பெரம்பலூர் போய்ப் பச்சையில் ஒரு புடவை எடுத்துவந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது. "எனக்குத் தங்கச்சி ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு, வேறொருவன் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வே பிரிட்ஜுக்குப் போய்விட்டேன். மனைவி மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அன்றைக்கு வந்த லாரிகளை எல்லாம் இரண்டு இரண்டு தடவை எடை போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணி வரைக்கும் இருந்தாங்க. சாப்புடச் சொன்னேன், அண்ணன் வரட்டும்னு சொல்லிட்டு வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்துச்சு அந்தப் பொண்ணு. அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பச்சத் தண்ணி குடிச்சுட்டுப் போச்சு."

புடவை பீரோவில் போய்விட்டது. அதன்பிறகு நான் பூலாம்பாடி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாப்பிள்ளை பிள்ளைகளை மட்டும் பைக்கில் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவார். இந்த வருடம் பொங்கலுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வீம்பு.

கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு நாள், இனி தள்ளிப்போடக் கூடாது என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ரெண்டு நாள் பிள்ளைகளை அனுப்புங்கள், சென்னையைக் காட்டிக் கூட்டிவருகிறேன் என்றேன்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் மச்சான்."

"என் தங்கச்சி புள்ளைங்களக் கூட்டிட்டுப் போவ எவகிட்ட மாப்ள கேக்கணும்? அவளுக்கு நான் குடுத்த வாக்கு இது. ரயில்ல மொதல்ல நான்தான் ஏத்தணும், கடல மொதல்ல நான்தான் காட்டணும்."

"சரி மச்சான், கூட்டிட்டுப் போங்க," என்றார்.

மறுநாளிலிருந்து பெரியவளோடு தினமும் போனில் பேசினேன். எழுதியதை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடல் எப்படி இருக்கும், அலை காலைத் தொட்டால் மணல் எப்படி உள்ளே இழுக்கும் என்று எனக்குத் தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்பாள். "அப்புடியா மாமா," என்பாள். சில சமயம் பக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்கும். உடனே இவள், "ரொம்ப ஆசயா இருக்கு மாமா," என்பாள்.

"பக்கத்துல யாரு?"

"சித்தி மாமா."

பிள்ளையைப் பேசக்கூட விடாமல் காதைக் கடிக்கிறாள் என்று மனைவியிடம் பொருமினேன். "நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள்.

முதலில் போட்ட திட்டத்தில் திங்கட்கிழமை கடல், செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சிச் சாலை. அதை வாசித்ததும் பெரியவள் குறுக்கே பேசினாள்.

"மாமா, செவ்வாக்கெழம பூங்கா கெடயாது. மூடியிருப்பாங்க."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

கொஞ்சம் தயங்கினாள். "எங்க மிஸ் சொன்னாங்க."

விசாரித்தால் உண்மைதான், செவ்வாய் விடுமுறை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன அறிவு, என் தங்கச்சி மாதிரியே என்று லோடு கொண்டுவந்த டிரைவர்களிடம் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப்போட்டு மறுபடி எழுதினேன். இரண்டு பேருக்கும் தொப்பி வாங்கினேன். கூட்டத்தில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு அட்டையில் என் நம்பரை எழுதி, கழுத்தில் மாட்டக் கயிறும் கோத்துவைத்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பிள்ளைகளை அழைக்கப் போனேன். பூலாம்பாடி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு மாப்பிள்ளையை வரச் சொன்னேன்.

"வூடு வரைக்கும் வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க மச்சான். கேக்கச் சொன்னா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள."

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் டீக்கடை ஓரமாக நின்றோம். பிள்ளைகளின் பை ஒன்று கொடுத்தார். அரியலூர் வந்து மனைவி அதைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு நாள் உடுப்பும் தனித்தனியாக மடித்து, யாருடையது, எந்த நாளுக்கு என்று தாளில் எழுதி மேலே வைத்திருந்தது. காய்ச்சல் மருந்து, எத்தனை மூடி கொடுப்பது என்று அதிலேயே ஒட்டியிருந்தது. பையின் பக்கவாட்டு அறையில் நாலு எலுமிச்சம்பழம், கொஞ்சம் பாலிதீன் கவர், ஒரு பழைய துண்டு.

"நம்ம கிட்ட புள்ளைய வுட பயம். அதான் எழுதிக் குடுத்துருக்கா," என்றேன்.

"நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதிக் குடுப்பேன்," என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் ரயில் வந்தது. நாலு பேரும் ஏறினோம். எதிரெதிரே இரண்டு பலகை. சின்னவனுக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று நான் சீட்டிலேயே குறித்துவைத்திருந்தேன். அவனைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ரயில் நகர்ந்தது. அவன் வெளியே பார்த்தான், சட்டென்று இறங்கினான்.

"மாமா, நான் இந்தப் பக்கம் ஒக்கார மாட்டேன். ரயிலு போற பக்கம் பாத்துதான் ஒக்காருவேன். போன தடவ இந்தப் பக்கம் ஒக்காந்துதான வாந்தி எடுத்தேன்."

பெரியவள் அவன் தொடையில் கிள்ளினாள். அவன் அழப் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்தவன் போல இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் மறந்துட்டேங்க்கா."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சின்னவனை எடுத்து எதிர்ப் பலகையில், ரயில் போகிற பக்கம் பார்த்து உட்காரவைத்தேன். பெரியவளிடம் கேட்டேன்.

"எப்ப போனீங்க?"

"பொங்க லீவுல மாமா."

"யாரோட?"

"ஆத்தூர் மாமா கூட்டிட்டுப் போனாரு. எல்லாரும் போனோம்."

"கடலு?"

"பாத்தோம்."

"பூங்கா?"

"அது மட்டும் பாக்கல. நாங்க போனது செவ்வாக்கெழம. மூடியிருந்துச்சு."

சட்டைப் பையில் எடைச் சீட்டு இருந்தது, நாலு மணிக்குக் கடல் என்று எழுதியது. அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றுவரை என் காதுபடப் பெரியவள் 'சித்தி' என்றுதான் சொல்லியிருக்கிறாள். சின்னவன் சொன்னது 'அம்மா'. வீட்டில் இரண்டு பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. எனக்காக ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறது.

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல் அழுதாள். என் தங்கையும் அப்படித்தான் அழுவாள்.

"அம்மாதான் மாமா சொல்ல வேணாம்னாங்க. மாமா ஒரு மாசமா எழுதி எழுதி வச்சிருக்காரு. நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவாரு. ஒங்க பெரியம்மாவுக்கு அவரு வாக்கு குடுத்துருக்காரு, அவரு காட்டுனதே மொதலா இருக்கட்டும்னு சொன்னாங்க."

பெரியம்மா என்று அவள் சொன்னது அவளைப் பெற்றவளை. அதையும் தாங்கிக்கொண்டேன்.

"தம்பி சொல்லிட்டான்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அவங்க அழுவாங்க."

"சொல்லல. கண்ணத் தொடச்சுக்க."

விருத்தாசலம் வரும்வரைக்கும் யார்மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆத்தூர்க்காரர்மேல் கோபப்பட முடியாது. தன் தங்கை பிள்ளைகளைக் கூட்டிப்போனார், அது தாய்மாமன் செய்கிற வேலைதான். அந்தப் பெண்மேலும் முடியாது. நான் அன்றைக்கு அந்தப் புடவையைக் கொடுத்திருந்தால், பொங்கலுக்கு முன்னால் அவளே எனக்குப் போன் செய்து, நாங்கள் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருப்பாள். எல்லாரும் ஒரே ரயிலில் போயிருப்போம். வாசலைப் பார்த்துக்கொண்டு பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள், நான் மனம் உடையக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சின்னவனிடம் முகரக் கொடுத்தாள். அவன் வாந்தி எடுக்கவில்லை.

நாலு மணிக்கு எழுதியபடியே கடலுக்குப் போனோம். மணல் சுடவில்லை. சின்னவன் செருப்பைக் கழற்றி அலை வராத இடமாகப் பார்த்து வைத்தான், பழகியவன் போல. பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மாம் பெருசு மாமா," என்றாள்.

"ஆமாடா கண்ணு."

எனக்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். போனில் சொன்னதையெல்லாம் நான் மறுபடியும் ஒரு தடவை சொன்னேன், மணல் எப்படி உள்ளே இழுக்கும் என்று. அவளும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டாள். தண்ணீர் காலை நனைத்துவிட்டுப் போனது. இவளைப் பெற்றவள் இந்தத் தண்ணீரைப் பார்க்காமலே போய்விட்டாள் என்று நினைத்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மனைவி பார்த்துவிட்டு, சின்னவனுக்குச் சுண்டல் வாங்கித் தருவதாகச் சொல்லி அந்தப் பக்கம் அழைத்துப் போனாள்.

மறுநாள் வண்டலூர். ஒட்டகச்சிவிங்கி இருக்கிற இடத்தில் சின்னவன் கத்தினான், தொப்பி விழுந்தது, அதை எடுக்கக்கூட இல்லை. பெரியவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"இது நெசமாவே பாத்ததில்ல மாமா."

அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. அதுவும் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை விட்டதால் மிஞ்சியது.

திரும்பி வந்து, அரியலூரில் ஒரு நாள் பிள்ளைகளை வைத்திருந்துவிட்டு நானும் மனைவியும் பூலாம்பாடிக்குக் கொண்டுவிடப் போனோம். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் நிற்கவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே நடந்தோம். பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அவள் வாசலுக்கு வந்தாள். நான் அவளை இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்க்கிறேன். சின்னப் பெண்தான். என் தங்கை வயதுகூட இருக்காது.

பெரியவள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, கடலு எம்மாம் பெருசு தெரியுமா? மொத தடவ பாத்தோமா, தம்பி பயந்துட்டாம்மா."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாம்மா. மொத தடவ பாக்குதுங்கல்ல, ரெண்டும் மெரண்டு போச்சுங்க," என்றேன் நான்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் சொல்லிக்கொடுத்தது பலித்துவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

"நீங்க இல்லன்னா இதுங்களுக்கு யாருண்ணே காட்டப் போறா," என்றாள்.

சொன்ன வேகத்தில் அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"வாய் தவறி வந்துடுச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

என்னை அண்ணே என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்படியே கூப்பிடும்மா என்று சொல்ல ஒரு நொடி ஆகும். அதைச் சொல்லாமல், குனிந்து பிள்ளைகளின் பையைக் கீழே வைத்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி உட்கார்ந்தோம். பஸ் கிளம்புகிற சமயத்தில் மனைவி கேட்டாள்.

"அந்தப் பச்சப் பொடவைய எப்பங்க குடுக்கப் போறீங்க?"

"வர லீவுக்குப் பாத்துக்கலாம்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று தடவை தங்கையிடம் நான் அதைச் சொன்னபோதும் இவள் பக்கத்தில்தான் இருந்தாள். பஸ் நிறைய ஆட்கள். நான் அழுதேன். டிக்கெட் போட வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவியிடம் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அவர் நகர்வதற்குள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நாளைக்கிக் காலையில பூலாம்பாடி போவணும், அரியலூர்லேருந்து மொத பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"